தண்ணீர் காட்டியவன்தான் பதில் சொல்ல வேண்டும்

1

காட்டுத் தீப் புகையில் இங்கே வானம் செம்மண் நிறமாகி, காலை பத்து மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு இட்லி தின்றோமே, அந்த வருஷத்துக்கு அப்புறம் நாலாவது கோடையில் நடந்தது. தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. நான் காலத்தை இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். கலிபோர்னியாவுக்கு வந்தது பேத்தி பிறந்த வருஷம். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தது பேத்திக்குப் பால்பல் விழுந்த வருஷம். மலையில் பட்டியைக் கலைத்தது மகள் காலேஜ் முடித்த வருஷம்.

என் பேர் நாச்சிமுத்து. அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரம். பர்கூர் மலையில் முப்பது வருஷம் மாட்டுப் பட்டி போட்டவன். இப்போது மில்பிடாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். எழுத்தில் எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதனால் இதை ஊரில் பத்திரிகை நடத்துகிற உங்களுக்குப் போனில் பேசி அனுப்புகிறேன். வாத்தியார் தம்பி, நான் வளவளவென்று பேசுவதைப் பத்திரிகைத் தமிழில் நீங்கள் ஒழுங்குபண்ணிக்கொள்ளுங்கள். ஆட்கள் பேசியதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

விஷயம் ஒரு விண்ணப்பப் பாரத்தில் தொடங்கியது. பதினாறு வருஷமாகக் கிரீன் கார்டில் இருக்கிறேன், சிட்டிசன்ஷிப் வாங்கிவிடலாம் என்று என் மகள் பூங்கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். என் வயதுக்குப் பரீட்சையைத் தமிழிலேயே கேட்பார்களாம். பாரம் மட்டும் இங்கிலீஷ். அவள் படித்துப் படித்துச் சொல்ல, நான் இல்லை, இல்லை என்றுகொண்டிருந்தேன்.

"கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தீங்களாப்பா?"

"நான் எந்தக் கட்சியில இருந்தேன்? மாட்டுக் கட்சி."

"ஆயுதம் எதாச்சும் வித்தீங்களா?"

"ஒரு அருவா வித்தேன். அது கணக்குல வருமா?"

"வராது. குத்தம் எதாச்சும் செஞ்சு, போலீஸ்ல புடிபடாம தப்பிச்சிருக்கீங்களா?" கேட்கும்போதே அவள் விரல் 'இல்லை'யைத் தட்டிவிட்டது.

"ரெண்டு இருக்குது" என்றேன்.

"அப்பா, காமெடி பண்ணாதீங்க. இன்னைக்கு இதை முடிக்கோணும்."

"ஒண்ணு போன மாசம். இன்னொண்ணு நீ ஒம்பதாவது படிக்கைல."

ஃப்ரிட்ஜில் ஜூஸ் எடுக்க வந்த பேத்தி நின்று பார்த்தாள். அவளுக்கு நாம் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "அப்புச்சி, யூ ஆர் எ கேங்ஸ்டர்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பூங்கொடி சிரிக்கவில்லை. போன மாதம் நான் எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவளோடுதான் இருந்தேன்.

2

பூங்கொடிக்கு சான் ஹோசேயில் சிப் கம்பெனியில் வேலை. வாரம் பூராவும் கம்ப்யூட்டர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு நெவாடா பாலைவனத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே ஊற்றுகளைக் காப்பாற்றுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு ஊற்றில் நத்தை இருக்கிறது. கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. உலகத்திலேயே அந்த ஒரு ஊற்றில்தான் அந்த ஜாதி நத்தை இருக்கிறதாம். அதற்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள். நான் அவர்களை நத்தைக் கூட்டம் என்பேன். அவர்களுக்குத் தலைவர் பின்னால் குடுமி வைத்த ஒரு பெரியவர்.

அந்த முறை மாப்பிள்ளை ஊரில் இல்லை. என்னைத் தனியாக விடப் பயந்து பூங்கொடி கூட்டிக்கொண்டு போனாள். மலையைத் தாண்டி எட்டு மணி நேரம். அங்கே போனால் கண்ணுக்கு எட்டின மட்டும் சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரப் புதர். மரம் கிடையாது. வீடு கிடையாது. இதெல்லாம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சொந்தம். பப்ளிக் லேண்ட் அப்பா. கவர்மெண்ட் பாத்துக்குது."

"அப்ப மாடு யாருது?"

"அது மட்டும் ஒருத்தங்களுது. பர்மிட் வாங்கி மேய்க்கறாங்க. இத்தன மாடு, இத்தன மாசம்னு சீட்டுல இருக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். மலையில் எனக்கும் ஒரு மேய்ச்சல் சீட்டு இருந்தது. இத்தனை மாடு, இத்தனை மாதம், இன்ன எல்லைக் கல்லுக்குள். வருஷா வருஷம் அதில் முத்திரை வாங்க ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நாள் பூராவும் நிற்பேன். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே சீட்டு.

ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி. அதில் ஒரு இரும்புக் கேட், கேட்டில் சங்கிலி. மாடு உள்ளே போய் மிதித்தால் நத்தை செத்துவிடும் என்று கவர்மெண்ட் ஆபீஸ்காரர்கள் போட்டது. வேலிக்கு வெளியே மாட்டுக்கென்று ஒரு தகரத் தொட்டி. ஊற்றிலிருந்து பூமிக்கடியில் குழாய் வந்து தொட்டியை நிரப்ப வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எங்கள் மலையில் இப்படி ஒன்றைச் செய்திருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

பூங்கொடி கேமராவில் கார்டு மாற்றினாள். அது தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிற கேமரா, கேட் அதில் விழாது. பிறகு நத்தை எண்ணுவதற்காக மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊற்றுக்கண்ணுக்குப் போனாள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் கார் நிழலில் உட்கார்ந்தேன்.

அப்போது மாடு வந்தது. ஒன்பது உருப்படி, எல்லாம் கறுப்பு. ஒன்றுக்கும் கொம்பு இல்லை. சிவப்பில் வெள்ளைத் திட்டும் கொம்புமாக நிற்கிற நம் பக்கத்துச் செம்மறை மாட்டைப் பார்த்த கண்ணுக்கு அது தலை மழித்த ஆள் மாதிரி இருந்தது. நேராகத் தொட்டிக்குப் போயின. முன்னால் வந்த பசு தொட்டிக்குள் நாக்கை விட்டது. தகரத்தில் நாக்கு உரசுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தொட்டி காய்ந்து அடியில் மண் வெடித்திருந்தது. அந்தப் பசுவுக்குப் பின்னால் ஒரு கன்று. மடி வற்றிப்போயிருந்தது. கன்று இடித்து இடித்துப் பார்த்துவிட்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் முப்பதடியில் தண்ணீர் பளபளவென்று கிடக்கிறது. மாடுகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நான் யோசிக்கவில்லை. சங்கிலியைக் கழற்றிக் கேட்டைத் திறந்தேன். குடித்தன, குடித்தன, வயிறு பானை மாதிரி ஆகும்வரை குடித்தன. அப்புறம் எல்லாவற்றையும் வெளியே ஓட்டினேன். நாக்கை மடக்கி நான் கொடுத்த சத்தம் அந்த ஊர் மாட்டுக்கும் புரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சங்கிலியை மட்டும் போடவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, தம்பி. சாயங்காலம் மறுபடியும் தாகம் எடுக்குமே, அப்போது யார் திறப்பார்கள் என்று கேட்டை ஒருச்சாய்த்து விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மலையில் தண்ணீர் காணாத மாட்டைப் பார்த்தால் எந்தப் பட்டிக்காரனும் அதைத்தான் செய்வான். பூங்கொடி மேட்டிலிருந்து இறங்கிக் கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே நேராகக் காருக்கு வந்தாள். கேட்டைப் பார்க்கவில்லை.

3

மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் போனோம். கேட் அகலத் திறந்து கிடந்தது. ஊற்று முழுக்கக் குளம்பு. கரையில் இருந்த பாசியும் புல்லும் சேறாகக் குழைந்து, சாணி மிதந்தது. பூங்கொடி மண்டிபோட்டு உட்கார்ந்து ஒரு கல்லைத் திருப்பினாள். இன்னொரு கல்லைத் திருப்பினாள். நாலாவது கல்லில் அழ ஆரம்பித்துவிட்டாள். என் மகள் அழுது அவள் அம்மா சாவுக்கு அப்புறம் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தாள். குளம்பு, சாணி, பக்கத்தில் நின்ற மாட்டின் விலாவில் போட்ட சூட்டுக்குறி, தொங்கிக்கொண்டிருந்த சங்கிலி எல்லாவற்றையும் எடுத்தாள்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியது அறுபத்தஞ்சு வயசு இருக்கிற ஒரு அம்மாள். பேர் ரூத். மாட்டுக்காரி. வெயிலில் வெந்த முகம், ஒரு முழங்கால் மடங்காமல் நடந்தாள். இரண்டு பேரும் பேசியது இங்கிலீஷ். ஆனால் சண்டையைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தேவையில்லை. ரூத் சங்கிலியைக் கையில் பிடித்துப் பிடித்துக் காட்டினாள். பூங்கொடி கேமராவைக் காட்டினாள்.

காரில் வரும்போது கேட்டேன்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"நாப்பது வருசமா நான் கேட்ட மூடாம போனதில்லங்கறாங்க. பொய் சொல்றாங்கப்பா. ஏற்கனவே ஒருக்கா நோட்டீஸ் வாங்குனவங்க. இது ரெண்டாவது. இந்தத் தடவ பர்மிட் போயிரும்."

"போனா?"

"மாட்ட வித்துட்டுப் போகோணும். போகட்டும்."

வழியில் சாப்பிடக் கேட்டாள், பசியில்லை என்றேன். ரூத் பொய் சொல்லவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது புதுப் பழக்கம் இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

4

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. பல பட்டி மாடும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கும். பக்கத்துப் பட்டி மாடு தாகத்தோடு வந்தால் விரட்டக் கூடாது, தண்ணீர் காட்ட வேண்டும். ஆனால் அப்படிக் காட்டிவிட்டால், அன்று பொழுது சாயும்வரை அந்த மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் தண்ணீர் காட்டியவன்தான். மாடு யார் ராகிக்காட்டில் வாய் வைத்தாலும் சரி, பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்தாலும் சரி. சொந்தக்காரனைக் கேட்கக் கூடாது. காரணம் உண்டு. வயிறு நிறையத் தண்ணீர் குடித்த மாடு கால் போன போக்கில் போகும். அதைத் திருப்பி அதன் திசைக்கு விடுவதையும் சேர்த்துத்தான் தண்ணீர் காட்டுவது. பாதி வேலையைச் செய்துவிட்டுப் புண்ணியவான் பட்டம் வாங்க முடியாது.

பூங்கொடி கோபியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்த வருஷம் நல்ல வெயில். பக்கத்துப் பட்டி சித்தையனுக்குக் காய்ச்சல். அவன் மாடு ஆள் இல்லாமல் என் மாட்டோடு ஓடைக்கு வந்தது. நான் தண்ணீர் காட்டினேன். காட்டிவிட்டு, என் பட்டியில் ஒரு பசு கன்று போடுகிற நேரம், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சித்தையன் மாடு எல்லைக் கல்லைத் தாண்டி, காட்டிலாகா புதிதாக மரக்கன்று நட்டு மூடி வைத்திருந்த இடத்துக்குள் போய் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

காட்டிலாகா கார்டு வந்து ஓடைக்கரையில் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்தார். சித்தையன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்து நின்றான்.

"இது யாரு பாடுல இருந்த மாடு? யாரு பொறுப்பு?" என்றார் கார்டு.

நான் வெற்றிலை மென்றுகொண்டு நின்றேன். 'என்ற பொறுப்புங்க' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வந்தால் என் சீட்டுப் போகும். சீட்டுப் போனால் பட்டி போகும், மகள் ஹாஸ்டலை விட்டு வர வேண்டும். சித்தையன் என்னை ஒருதரம் பார்த்தான். ஓடையில் தண்ணீர் காட்டியது யார் என்று அவனுக்கு அதற்குள் தெரிந்திருக்கும். மலையில் இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"என்ற மாடுதானுங்க. நாந்தான் பாக்காம விட்டுட்டனுங்க" என்றான்.

அவன் சீட்டுப் போயிற்று. அடுத்த வருஷம் அவன் பட்டி இருந்த இடத்தில் முள்ளுச் செடி முளைத்திருந்தது. அவன் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என் மகள் பத்தாவதில் முதல் மார்க் வாங்கினாள்.

5

இவ்வளவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை பாரத்தை வைத்துக்கொண்டு பூங்கொடியிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"கேட்ட நீங்களா தொறந்தீங்க?"

"ஆமா, அம்மிணி."

"இத்தன நாளா எங்கூடத்தான இருக்கீங்க? அந்தக் கம்ப்ளெய்ண்ட்ல என்ற கையெழுத்து இருக்குது. அடுத்த மாசம் ஹியரிங். அந்தம்மா கேட்ட மூடலைன்னு நான் மைக்ல சொல்லப்போறேன்."

"அதனாலதான் இப்பச் சொல்றேன். நானும் வர்றேன். நான் சொல்லோணும்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சிட்டிசன்ஷிப் பாரம் போடற நேரத்துல கவர்மெண்ட் ஆபீசுல போய்க் குத்தத்த ஒத்துக்கறேங்கறீங்க. புத்தி இருக்குதுங்களா?"

"சிட்டிசன்ஷிப் இல்லாம பதினாறு வருசம் சோறு எறங்குச்சு. இனிமேலும் எறங்கும்."

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி நின்றபோது குரல் மாறியிருந்தது.

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அந்த நத்த உலகத்துலயே அங்க மட்டுந்தான் இருக்குது. பர்மிட் போச்சுன்னா மாடு போயிரும், நத்த பொழச்சுக்கும். நீங்க வாயத் தொறந்தா மாடு அங்கயே இருக்கும். அந்த ஊத்துல நான் ஆறு வருசமா வேல செய்யறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் மலையிலேயே அளவுக்கு மேல் மாட்டை விட்டு மிதிபட்டுச் செத்த ஊற்று இரண்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காட்டிலாகாக்காரன் சொன்னபோது நாங்கள் கேட்கவில்லை. ஊற்றுக்கு வேலி வேண்டும்.

"வேலி வேணும் அம்மிணி. நான் வேலிக்கு எதிரியில்ல" என்றேன். "ஆனா அந்தம்மா செய்யாத தப்புக்கு அந்தம்மாள வெரட்டுனீன்னு வெய்யி. நாளைக்கு இன்னொருத்தன் வந்து உன்ற வேலிய அறுத்துட்டுப் போவான். அவன எந்த வாயில நீ கேப்பே?"

"நீங்க ஒருக்கா வாய மூடுனதுலதான நான் இங்க நிக்கறேன்? இன்னும் ஒருக்கா மூடுங்க."

அது சுட்டது. சுட வேண்டும் என்றே சொன்னாள்.

"அதனாலதான் மூட மாட்டேன்" என்றேன். "உனக்காக ஒருக்கா மூடியாச்சு. அந்தக் கோட்டா தீந்துபோச்சு."

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளாவேளைக்கு வந்தது. பேத்தி தூது வருவாள். "அம்மா சேஸ் யுவர் லஞ்ச் இஸ் இன் த ஃப்ரிட்ஜ்." நான் பார்க்குக்குப் போய் நடந்துவிட்டு வருவேன். அங்கே பெஞ்சில் நம்மாட்கள் நாலைந்து பேர் சேருவோம். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நமக்கெதுக்கு சார்? வெள்ளக்காரன் மாடு, வெள்ளக்காரன் நத்த. நடுவுல நம்ம எங்க வர்றோம்?" என்றார்.

"தண்ணி காட்டுனது நானுங்களே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் மேல் தப்பில்லை, அவர் மாடு மேய்த்ததில்லை.

பத்தாம் நாள் காலையில் பூங்கொடி என் ரூம் வாசலில் நின்றாள். "ஹியரிங்குக்குக் குளிரும். அந்த நீல ஸ்வெட்டர எடுத்து வெச்சுக்கோங்க" என்றாள்.

6

ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம். ஹியரிங் நடந்த ஊர் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பந்து விளையாடுகிற ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் நடைபாதை. ஒரு பக்கம் முழுக்கப் பெரிய தொப்பி, மாட்டுக்காரர்கள். இன்னொரு பக்கம் நத்தைக் கூட்டம். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு பெண் வீடு உட்கார்ந்த மாதிரி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். பூங்கொடி தன் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தாள். நான் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து நடைபாதையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஆள் வந்து அங்கே உட்காரக் கூடாது என்று என்னவோ சொன்னான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதது சில நேரம் வசதி. சிரித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன்.

முதலில் தொப்பிக்காரர்கள் பேசினார்கள். எங்கள் தாத்தா காலத்து மேய்ச்சல் என்றார்களாம். பிறகு குடுமிக்காரர் பேசினார். இது எல்லாருடைய நிலம் என்றாராம். இரண்டையும் பூங்கொடி பிறகு எனக்குச் சொன்னாள். ரூத் முன்வரிசையில் மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை நான் ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே நின்றிருக்கிறேன்.

பூங்கொடி பேரைக் கூப்பிட்டார்கள். அவள் போட்டோவோடு மைக்குக்குப் போனாள். நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, உக்காருங்க." மைக்கில் அந்தத் தமிழ் ஹால் முழுக்கக் கேட்டது.

"நீ உன்றதச் சொல்லு. அப்புறம் நான் என்றதச் சொல்றேன்."

அவள் போட்டோவைப் பார்த்தாள். ரூத்தைப் பார்த்தாள். பிறகு ஆபீசரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூணு நிமிசந்தான் ஒரு ஆளுக்கு. நான் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்றதனால ஆறு குடுத்திருக்காங்க" என்றாள். "சுத்தி வளைக்காம பேசுங்க."

பேசினேன். என் பேர் நாச்சிமுத்து, நான் மாடு மேய்த்தவன், அந்தக் கேட்டைத் திறந்தவன் நான் என்றேன். அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். நத்தைக் கூட்டத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "என்ற மக எடுத்த போட்டோ நெசம். ஆனா அதுல அந்தம்மா பேரு வரக்கூடாது. என்ற பேரு வரோணும்" என்றேன். பூங்கொடி நின்றுவிட்டாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். 'மை ஃபாதர்' என்கிற வார்த்தை இரண்டு தரம் வந்தது.

ஆபீசர் நல்ல மனுஷன், இளவயசு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"கேட்டத் தொறந்துபோட்டுட்டு வர்றது சட்டப்படி தப்புன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாருப்பா."

"இப்பத் தெரியும். அந்தத் தொட்டி காஞ்சு கெடந்தது தப்பா இல்லியான்னு அவரச் சொல்லச் சொல்லு."

"அப்பா."

"சொல்லு அம்மிணி."

சொன்னாள். ஆபீசர் கட்டைப் புரட்டினார். அப்போதுதான் வெளியே வந்தது. குழாய் உடைந்து மூன்று மாதம். சரி பண்ணுவது மாட்டுக்காரி வேலை என்று ஆபீஸ் எழுதியிருக்கிறது. குழாய் வேலிக்குள்ளே போகிறது, உள்ளே தோண்ட அனுமதி கொடுங்கள் என்று ரூத் எழுதியிருக்கிறாள். அந்த அனுமதிக் கடிதம் கையெழுத்துக்காக ஒரு மேஜையில் கிடக்கிறது. மாடு கடிதம் படிக்குமா?

"எல்லாருக்கும் சொந்தமான நெலம்னு எல்லாரும் சொல்றீங்க" என்றேன். "அந்த எல்லாருல ஒருத்தருமே மூணு மாசமா அந்தத் தொட்டிக்குள்ள எட்டிப் பாக்கலியே."

தொப்பிக்காரர்கள் கையைத் தட்டினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"கை தட்டாதீங்க. நான் உங்க கச்சியில்ல. ஊத்துல பாதி செத்துப்போச்சு. நாலு கல்லத் திருப்பிப் பாத்து என்ற மக அழுதா. அந்தச் சீவனுக்கு நானும் உங்க மாடுந்தான் பதில் சொல்லோணும். வேலி வேண்டாமுன்னு ஒருத்தரும் என்றகிட்டப் பேசாதீங்க."

பூங்கொடி இதை மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கை தட்டல் நின்றது. ஆபீசர் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பேனா நின்றபோது நான் கடைசியாக ஒன்று சொன்னேன். தண்ணீர் காட்டியவன்தான் பதில் சொல்ல வேண்டும், எங்கள் மலையில் அப்படி, என்ன தண்டனையோ என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தோம். ரூத் நொண்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். கையைப் பிடித்து நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். விரலை நீட்டிப் படபடவென்று பொரிந்தாள்.

"என்ன சொல்லுது?"

"திட்டறாங்கப்பா. அஞ்சு வாரமாத் தூங்கலையாம். இனிமே கேட்டத் தொறந்தா மூடித் தொலைங்கறாங்க."

"நாயமான திட்டு. மூடறேன்னு சொல்லு."

ரூத் அதைக் கேட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு என் காலைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் பிக்கப்பில் ஏறிப் போனாள்.

"இப்ப என்ன?"

"பாலைவனத்துல செருப்போட சுத்தாதீங்க, பாம்பு இருக்குதுன்னாங்க."

7

ஒன்றரை மாதம் கழித்து இரண்டு கடிதம் வந்தது. ரூத் மேல் போட்ட நோட்டீஸ் ரத்து. எனக்கு எச்சரிக்கை, என் முழுப் பேரும் போட்டு. அமெரிக்க சர்க்காரிடமிருந்து என் பேருக்கு இவ்வளவு சுத்தமாக வந்த கடிதம் அதுதான். குழாய் தோண்ட அனுமதியும் கிடைத்தது. எங்கள் வழக்கப்படி பாழானதைச் சரி பண்ணுவதும் தண்ணீர் காட்டியவன் வேலை. போய் இரண்டு நாள் தங்கினேன். ரூத் தோண்டினாள், பூங்கொடி குழாய் பதித்தாள், நான் கல் அடுக்கினேன். தொட்டியில் தண்ணீர் விழுந்த பிறகு கேட்டை நானே மூடிச் சங்கிலியைப் போட்டேன். ரூத் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நத்தை இருக்கிறது. குறைந்துபோயிருக்கிறது, ஆனால் இருக்கிறது. அதை எண்ணுகிற வேலை பூங்கொடியிடம் இல்லை. நத்தைக் கூட்டத்தில் அவளிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டார்கள். அப்பன் மாட்டுக்காரன் பக்கம் என்று பேசினார்களாம். "உங்களாலதான்" என்று அவள் வாரம் ஒருமுறை சொல்லுவாள். ஆமாம் என்பேன். எண்ணச் சொல்லி யாரும் கேட்காவிட்டாலும் சனிக்கிழமை பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

சிட்டிசன்ஷிப் பாரத்தை அனுப்பியாயிற்று. அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று தட்டச் சொன்னேன். இரண்டையும் பூங்கொடி இங்கிலீஷில் இரண்டு பக்கம் அடித்துச் சேர்த்தாள். மலையில் நடந்தது குற்றக் கணக்கிலேயே வராது, எடுத்துவிடலாம் என்றார் பாரத்தைப் பார்த்துக் கொடுத்த வக்கீல். அதை எடுப்பதாக இருந்தால் பாரத்தையே கிழித்துவிடுங்கள் என்றேன். கொடுத்தால் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் என் பச்சை அட்டை என் பையில் இருக்கிறது.

வாத்தியார் தம்பி, இது உங்கள் பத்திரிகையில் வந்தால் சந்தோஷம். ஆனால் சித்தையனுக்குப் படிக்கத் தெரியாது, என்னை மாதிரி. உயிரோடு இருந்தால் அவனுக்கும் எண்பது இருக்கும். தோட்டத்துப் பக்கம் விசாரித்தால் தெரியும். அவன் இல்லாவிட்டால் அவன் மக்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லாதீர்கள். அந்த ஓடை இன்னும் ஓடுகிறது என்கிறார்கள். நாலு பட்டிக்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிற நேரமாகப் பார்த்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்குச் சித்தையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது நாச்சிமுத்து என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.